குற்றம் சாட்டுமுன் எண்ணிப் பார்!

சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லத்துப் பெரியோர் முகம் சுளிப்பது இயல்பே. பணம் வைத்து ஆடிச் சீரழிந்த குடும்பங்கள் பல. ஆயின், காசு வையாது அறிவை மட்டுமே முதலாக வைத்து ஆடும் சீட்டாட்டங்களும் உள. அவற்றுள் இரண்டினை ஈண்டு காண்போம்.

முதலாவது, நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சிறுவரும் நன்கறிந்த 'ராஜா, ராணி, போலீஸ், திருடன்'. துண்டுத் தாள்களில் பெயர்களை எழுதி, மடித்து, குலுக்கிப் போடுவர். போலீஸ் சீட்டை எடுத்தவர் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் அவருக்குரிய எண்கள் திருடனுக்குப் போய்விடும். இங்கே போலீசுக்குத் துணையாவது எது? முகக்குறி ஒன்றே. சிரித்தவன் திருடன், தலை குனிந்தவன் திருடன்! இது ஊகமேயன்றி ஆய்வு அன்று.

சிறுவர் ஆட்டத்தில் இதனால் கேடில்லை. ஆனால் வீட்டில் ஒரு நகை காணாமற் போனால் நாமும் இதையன்றோ ஆடுகிறோம்? வேலைக்கு வரும் பெண்ணின் முகமும், புதிதாய் வந்த ஏழைச் சிறுவனின் முகமும் நம் கண்முன் நிற்கின்றன. ஆட்டத்தில் தவறாகக் குற்றம் சாட்டியவர் தோற்கிறார். வாழ்விலோ சாட்டியவர் எதையும் இழப்பதில்லை. சாட்டப்பட்டவர் தம் நற்பெயரையே இழக்கிறார். நகை பின்னர் அரிசிப் பானையில் கிடைத்தாலும், போன பெயர் திரும்புவதில்லை.

இரண்டாவது ஆட்டம், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரினரான அந்தோணி பிராட் உருவாக்கி, 1949-இல் வெளிவந்த 'க்ளூடோ'. ஆள் 6, கருவி 6, அறை 9 என 21 சீட்டுகள். வகைக்கு ஒன்றாக மூன்றினை உறையில் மறைத்து, எஞ்சிய 18-ஐப் பகிர்வர். உறையில் இருக்கக்கூடிய சேர்க்கைகள் 324. வினவி வினவி, இல்லாதவற்றை நீக்கி, உள்ளதை அடைவதே வெற்றி.

இதனைப் பழைய திருமண அழைப்பிதழ்களின் பின்புறத்தில் நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஆள் ஐவர்: ஆசிரியர், தபால்காரர், உழவர், தையற்காரர், கடைக்காரர். பொருள் நான்கு: குடை, மணி, விளக்கு, பெட்டி. இடம் நான்கு: பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம், கங்கைகொண்டசோழபுரம். யார், எதை, எங்கே ஒளித்தார் என்பதே வினா. மூன்று சீட்டுகளை மறைத்தபின் எஞ்சும் பத்தினை ஐவர் இரண்டிரண்டாக எடுத்துக்கொள்க. ஒருவர், "ஆசிரியர், குடை, அரியலூர்" என வினவினால், அடுத்தவர் அவற்றுள் ஒன்று தம்மிடம் இருப்பின் வினவியவருக்கு மட்டும் மறைவாய்க் காட்டவேண்டும். இல்லையேல் முறை அதற்கடுத்தவருக்குச் செல்லும். நால்வரும் "இல்லை" என்றனர். குடையோ வினவியவர் கையிலேயே உள்ளது. மற்ற இரண்டும் அவரிடம் இல்லை. எனில் ஆசிரியரும் அரியலூரும் உறைக்குள் இருப்பது உறுதி! மூன்றையும் அறிந்ததாக அறிவித்து, அது பிழையானால், அறிவித்தவர் அந்த ஆட்டத்தில் வெல்லும் உரிமையை இழப்பார்.

தொடக்கத்தில் 80 சேர்க்கைகள் உள. உம் கையில் ஓர் ஆளும் ஒரு பொருளும் இருந்தால், வினவுமுன்னரே அவை 48 ஆகிவிடும். தன் கையை முதலில் எண்ணுபவனே தெளிவாக எண்ணுவான். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணிபுரிந்த வீரமாமுனிவர் (1680–1747) தம் 'பரமார்த்த குருவின் கதை'யில் இதையே நகைச்சுவையாய் உணர்த்துகிறார். ஆற்றைக் கடந்த குருவும் சீடர் ஐவரும் தலைகளை எண்ணுகின்றனர். எண்ணுபவன் தன்னை விட்டுவிடுவதால் ஐந்தே வருகிறது. ஒருவரை ஆறு விழுங்கிற்று என்று அழுகின்றனர்! காணாமற் போனவர் எவருமிலர், கணக்கே பிழை.

பெற்றோரே, விடுமுறை நாளில் பிள்ளைகளோடு அமர்ந்து இதனை ஆடிப் பாருங்கள். "அவன்தான்" என்று பிள்ளை கூவும்போது, "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூறப் பழகிய பிள்ளை, நாளை ஊரார் ஒருவரைச் சுட்டிப் பழிக்கும்போதும் அதே கேள்வியை எழுப்பும். அதனால் ஓர் ஏழையின் பெயரேனும் காக்கப்படுமன்றோ!