கோப்பின் பெயர் மாறினால் பத்திரம் செல்லாதா?

மைசூரு விஜயநகரில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பத்துக்கு வீட்டின் கத்தா (சொத்துப் பதிவு) கன்னடத்தில் இருக்கும், ஊர் நிலத்தின் பட்டா தமிழில் இருக்கும். இரண்டையும் ஸ்கேன் செய்து அந்தந்த மொழியிலேயே பெயரிட்டு வைக்கிறோம். மகளின் மேக்கிலிருந்து அப்பாவின் விண்டோஸுக்குப் போனதும் பெயர்கள் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகிவிடுகின்றன. பத்திரமே கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அழிக்காதீர்கள். பெயர் ஓரிடத்திலும் உள்ளடக்கம் வேறிடத்திலும் பதிவாகின்றன. பெயர் சிதைந்ததாலேயே ஆவணம் சிதையாது.

விஜயநகருக்கு அருகிலுள்ள கோகுலத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். 1998 முதல் மேக்கில் இருந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் முறை பிரித்தே சேமித்தது. விண்டோஸ் வந்ததை வந்தபடி வைத்துக்கொள்ளும். பார்வைக்கு ஒரே பெயர், கணினிக்கோ இரண்டு. அதனால்தான் கண்ணெதிரே உள்ள கோப்பு தேடலில் அகப்படுவதில்லை. தமிழின் ஐகாரக் குறி இப்படிப் பிரியாது, கன்னடத்தில் பிரியும். ஆகவே மைசூரு என்று கன்னடத்தில் பெயரிட்டாலே இந்தச் சிக்கல் வரலாம்.

சர்வே எண் 45/2 என்று மேக்கில் பெயர் வைக்கலாம். விண்டோஸ் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. லினக்ஸில் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறிகளோடு முடிந்துவிடும்.

உண்மையில் அஞ்சவேண்டியது வேறு. லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகக் கருதும், விண்டோஸ் பொதுவாகக் கருதாது. அந்த வேறுபாடு மட்டுமே கொண்ட இரு கோப்புகளை நகலெடுத்தால் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிடலாம். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் பெயரும் மாறும், படத்தின் தரமும் குறையும். ‘டாக்குமென்ட்’ ஆகவே அனுப்புங்கள்.

வழக்கு என்று வந்தால் என்ன? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். இது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எண். பெயரை மாற்றினால் மாறாது. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும். எனவே முக்கிய ஆவணம் கைக்கு வந்த அன்றே ஹாஷைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதற்கான கட்டளை உள்ளேயே இருக்கிறது. பெயர் மாறிய கோப்பைத் திறந்து மறுபடி சேமிக்காதீர்கள், அதில் ஹாஷ் மாறிவிடக்கூடும்.

காசு வாங்கிக்கொண்டு கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றித் தரும் கடைக்காரர் அவற்றைக் கவனக்குறைவால் தொலைத்துவிட்டால், அது சேவைக் குறைபாடு. கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள். எத்தனை கோப்புகள் கொடுத்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதைக் கைவிட வேண்டியதில்லை. யூனிகோடு பெயர்களைக் காக்கும் ஸிப் மென்பொருளில் கட்டி அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் கோப்புகளை எண்ணி, ஹாஷை ஒப்பிட்டு, இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே பழைய கணினியில் உள்ளவற்றை அழியுங்கள்.