மாவுக்கட்டைப் பிரித்த பின்னும் கை மடங்காதது ஏன்?

மணிக்கட்டு முறிவுக்கு இட்ட மாவுக்கட்டை 6 வாரங்களுக்குப் பின் பிரித்ததும், "எலும்பு கூடிவிட்டது என்கிறீர்கள், கை மடங்கவில்லையே?" என்று பலர் கவலையுடன் கேட்கின்றனர். குறை பெரும்பாலும் எலும்பில் இல்லை. தசையிழைகளைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறை கொலாஜன் என்னும் புரதத்தாலானது. அசைவு நின்றால் அவ்வுறையில் நீர்ச்சத்து குறைகிறது. கொலாஜன் இழைகள் ஒழுங்கின்றிப் படிந்து, ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. தசை மெலிய, உறை விறைக்கிறது. எலும்போடு தசையை இணைக்கும் தசைநாணோ, இழுவிசை கிடைக்காமல் வலுக்குன்றுகிறது. ஆகவே, எண்ணெய் தேய்த்து வலிந்து மடக்காதீர்கள். வீட்டுப் பெரியோரின் அக்கறை புரிகிறது. எனினும் நலிந்த திசு கிழியக்கூடும். இயன்முறை மருத்துவர் காட்டியவாறு, நாள்தோறும் பலமுறை, சிறிது சிறிதாக அசையுங்கள். இழுவிசையின் திசையிலேயே புதிய இழைகள் அடுக்கப்படும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். கட்டு இருக்கும்போதே, மருத்துவர் அனுமதித்தால், விரல்களையும் தோளையும் அசைத்துவருவது இன்னும் நன்று.