நான்கு நாள் அனுமதி



ஐரோப்பாவில் பணிபுரியும் தங்கள் மகன் தாயகம் திரும்பும் வழியில் ஜித்தாவில் விமானம் மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் புனித கஅபா. எந்த முஸ்லிமின் உள்ளந்தான் ஏங்காது?

அந்த ஏக்கத்திற்கு ஒரு வாயில் திறந்தது. 2023 ஜனவரி 30 அன்று சவூதி அரசு வழிப்பயணிகளுக்கென ஒரு விசாவை அறிவித்தது. சவூதியா, ஃபிளைநாஸ் ஆகிய நிறுவனங்களில் விமானச் சீட்டு எடுக்கும்போதே அதற்கும் விண்ணப்பிக்கலாம். விசா மூன்று மாதம் செல்லுபடியாகும். ஆனால் நாட்டினுள் தங்குவதற்கு 96 மணி நேரந்தான். அதற்குள் உம்ராவை நிறைவேற்றலாம். மதீனா சென்று ஸலாம் உரைத்து வரலாம்.

இங்கேதான் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர். "ஹஜ்ஜுக் காலத்தில் இப்படி ஏதேனும் ஒரு விசாவில் நுழைந்து, அப்படியே அரஃபாவில் நின்றுவிட்டால் என்ன? அல்லாஹ்வின் வீட்டிற்குச் செல்ல மனிதனின் முத்திரை எதற்கு?"

கேட்பதற்கு ஈமானின் குரல் போலவே இருக்கிறது. ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, சுமார் 1400 தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து வந்த அவர்களை மக்காவின் எல்லையிலேயே குறைஷியர் தடுத்தனர். ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அவ்வாண்டு திரும்பிச் செல்ல வேண்டும். மறு ஆண்டு வந்து மூன்று நாள் மட்டும் தங்கலாம். தோழர்களின் உள்ளம் குமுறியது, ஆயினும் திரும்பினார்கள். மறு ஆண்டு உம்ரா முடிந்து மூன்று நாள் கழிந்ததும், தவணை தீர்ந்தது, புறப்படுங்கள் என்று குறைஷியர் சொல்லி அனுப்பினர். மைமூனா (ரலி) அம்மையாரின் மணவிருந்தை மக்காவிலேயே அளிக்க நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியும் அவர்கள் இணங்கவில்லை. உடனே புறப்பட்டார்கள். இல்லற வாழ்வு மக்காவிற்கு வெளியே ஸரிஃப் என்னுமிடத்திலேதான் தொடங்கிற்று.

விதித்தவர்கள் சிலை வணங்கிகள். கட்டுப்பட்டவர்களோ அல்லாஹ்வின் தூதர். விசாவும் ஓர் உடன்படிக்கையே. இன்ன காரியத்திற்கு, இத்தனை நாளுக்கு என்று நாம் ஒப்பி வாங்கியதை மீறிவிட்டு அதை வணக்கம் என்று எவ்வாறு அழைப்பது?

சவூதியின் மூத்த உலமாக்கள் பேரவை, அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது கூடாது, செல்பவர் பாவியாவார் என்று 2024இல் அறிவித்தது. அதே ஆண்டு ஹஜ்ஜில் கொடும் வெயிலால் 1301 பேர் மரணமுற்றனர். அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியற்றவர்கள் என்றும், நிழலும் தங்குமிடமுமின்றி நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் அந்நாட்டு அரசு கூறிற்று. 2025இல், அனுமதியின்றி ஹஜ்ஜுச் செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரை அபராதம் விதிக்கப்பட்டது. அவர்களுக்கு விசா எடுத்துக் கொடுப்போருக்கும் ஏற்றிச் செல்வோருக்கும் ஒரு லட்சம் ரியால் வரை! 'எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று பணம் வாங்கும் தரகர்களை நம்பிப் பெற்றோரை அனுப்பி வைக்கும் பிள்ளைகள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

உம்ராவை நாடிச் செல்வோருக்கு ஒரு மஸ்அலா. ஜித்தாவில் இறங்கியபின் இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகின்றனர். புறப்படும்போதே உம்ராவை நாடியவர், விமானம் மீக்காத் எல்லையைக் கடக்குமுன் நிய்யத் வைத்துவிட வேண்டும். தவறவிட்டால் மீக்காத்திற்குத் திரும்ப வேண்டும்; இல்லையேல் பலி கொடுக்க வேண்டும். நான்கு நாள் பயணி எங்கே திரும்புவார்? ஆகவே இஹ்ராம் துணியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டியில் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டு, நடுவானில் தவித்தவர்களை நான் கண்டதுண்டு.