கால்சட்டைப் பையில் கைத்தொலைபேசி: ஆண்மைக்குக் கேடா?



"கைத்தொலைபேசியைக் கால்சட்டைப் பையிலே வச்சா பிள்ளை பிறக்காதாமே, நெசமா?" பெரட்டுக் களத்திலே நம் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. வெட்கப்படாமல் கேட்பது நல்லதுதான்.

கைத்தொலைபேசியிலிருந்து வருவது வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. எக்ஸ்ரே கதிரைப் போல உடம்பின் உள்ளே புகுந்து சிதைக்கும் சக்தி அதற்கு இல்லை.

சுவிட்சர்லாந்தில் 2005 முதல் 2018 வரை, 18 முதல் 22 வயதுள்ள 2,886 இளைஞர்களைச் சோதித்தார்கள். முடிவு 2023-இல் வெளிவந்தது. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் தொலைபேசியை எடுக்காதவர்களுக்கு, ஒரு மில்லிலிட்டர் விந்தில் சுமார் 56.5 மில்லியன் விந்தணுக்கள். நாளுக்கு 20 தடவைக்கு மேல் எடுத்தவர்களுக்கு 44.5 மில்லியன். குறைவுதான். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கீழெல்லை 16 மில்லியன். பையில் வைத்ததால் கெடுதல் என்றும் அந்தச் சோதனையில் தெரியவில்லை. தொலைபேசிதான் காரணம் என்று நிரூபணமும் ஆகவில்லை.

சந்தேகம் இல்லாமல் நிரூபணமான கேடு ஒன்று உண்டு. அது நம் தொழிலைச் சேர்ந்தது.

வாழை, அன்னாசி வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்ல டிபிசிபி என்ற மருந்து இருந்தது. 1977-இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள் பேசிக்கொண்டபோது, பல பேருக்குக் குழந்தை பிறக்காதது தெரிந்தது. சோதித்தால், சிலருக்கு விந்தணுவே இல்லை! கோஸ்டாரிக்கா வாழைத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் இதே கதிதான். 1979-இல் அமெரிக்கா அதன் உபயோகத்தைப் பெரும்பாலும் தடை செய்தது. முதலில் கண்டுபிடித்தது யார்? ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசிய தொழிலாளர்கள்தான்.

ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. மருந்தடிக்கும்போது கையுறை, பூட்ஸ், முகமூடி கட்டாயம் போடுங்கள். கொடுக்கவில்லையா? மண்டோரிடம் கேளுங்கள், கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

2. வேலை முடிந்ததும் குளித்துவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள். மருந்துபட்ட துணியைத் தனியே துவையுங்கள்.

3. சிகரெட்டும் சம்சுவும் விந்தணுவைக் கெடுக்கும். விதைகளுக்கு உடம்பைவிடச் சற்றுக் குறைந்த சூடு தேவை. அதனால் இறுக்கமான உடுப்பு வேண்டாம்.

4. தொலைபேசியைச் சட்டைப் பையிலோ, கூடையிலோ வைத்தால் மனசுக்கு நிம்மதி. செலவு ஒன்றுமில்லையே!

கடைசியாக ஒன்று. கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளை இல்லையென்றால், பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி "மலடி" என்று ஏசுவது அநியாயம். குறை ஆணிடமும் இருக்கலாம். புருஷனும் கூடப்போய் விந்தைச் சோதிக்க வேண்டும். புது விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இன்று கெட்ட பழக்கத்தை விட்டால், மூன்று மாதத்தில் பலன் தெரிய வாய்ப்புண்டு.

தொலைபேசிக்குப் பயந்து, மருந்துத் தொட்டியை மறந்துவிடாதீர்கள்!