கனெரி பறக்கவில்லை, காகிதக்கூழ் பறந்தது

1965-ல் வந்த 'தண்டர்பால்' படத்தின் முதல் சில நிமிடங்களை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிரான்ஸின் ஆனே என்ற ஊரில் இருக்கும் பழைய மாளிகை. விதவை வேடத்தில் வந்த எதிரியைத் தீர்த்துக்கட்டிவிட்டு ஜேம்ஸ் பாண்ட் மாடிக்கு ஓடுகிறார். அடியாட்கள் துரத்தி வருகிறார்கள். அங்கே தயாராக இருக்கும் ஜெட்பேக்கை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பி, வானத்தில் ஒரு வளையம் போட்டு, கீழே நிற்கும் ஆஸ்டன் மார்ட்டின் காருக்குப் பக்கத்தில் வந்து இறங்குகிறார்.

இப்போது ரீலைப் பின்னால் ஓட்டுங்கள். அந்தத் தலையைப் பாருங்கள், தலையை! தலைமுடி கலையாமல் பத்துப் பேரை அடித்துப் போடும் பாண்ட், உயிர் போகிற அவசரத்தில், நல்ல பிள்ளையாக ஹெல்மெட் போட்டுக்கொள்கிறார். சந்து முனையில் போக்குவரத்து போலீஸைப் பார்த்துவிட்டவர் மாதிரி!

காரணம் இதுதான். வெறுந்தலையோடு பறந்தால்தான் பாண்டுக்கு அழகு என்று படக்குழு முதலில் நினைத்தது. நிஜமாகப் பறக்கப்போகிற ஆளோ, ஹெல்மெட் இல்லாமல் தரையை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பறப்பவர் தலையில் ஹெல்மெட் இருந்தால் ஷான் கனெரி தலையிலும் இருக்க வேண்டுமே! நாயகனின் அண்மைக்காட்சிக்கும் ஹெல்மெட் ஏறியது. உலகமே சொக்கிக் கிடந்த நட்சத்திரத்தின் தலையலங்காரத்தை முடிவுசெய்தது, முகமே தெரியாத ஒரு பைலட்டின் பிடிவாதம். எனக்கு இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அந்தக் காட்சியில் பாண்டைப் பார்க்கவே முடிவதில்லை, ஹெல்மெட்டைத்தான் பார்க்கிறேன்.

ஆனால் அந்தப் பறத்தலில் கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. அத்தனையும் நிஜம். பில் சூட்டர், கார்டன் யேகர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அந்தக் கருவியோடு பிரான்ஸுக்கு வந்து பறந்து காட்டினார்கள். நிஜம்தான் என்றாலும் ஒன்றில் மட்டும் கைவைத்தார்கள்: சத்தம். அசல் கருவி கிளம்பினால் பக்கத்தில் நிற்பவர் காதைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும், அப்படி ஒரு வீறல். நாகரிகமான ஒற்றருக்கு அது சரிப்படுமா? தீயணைப்பான் சீறும் ஓசையைப் பதிவுசெய்து அதன் மேல் ஒட்டிவிட்டார்கள். உண்மையாகப் பறந்தவருக்குப் பொய்ச் சத்தம்!

அந்தக் கருவியின் வயிற்றுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிடுவோம். செய்தவர் பெல் ஏரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் வெண்டல் மூர். முதுகில் மூன்று உருளைகள். நடுவில் இருப்பதில் அழுத்தி அடைத்த நைட்ரஜன், இரு பக்கமும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு. வெட்டுக்காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சரக்குதான், ஆனால் இது ஏறக்குறைய 90 சதவீதச் செறிவு. கைப்பிடியைத் திருகினால் நைட்ரஜன் பெராக்ஸைடைத் தள்ளும், அது வெள்ளி வலைகளின் மேல் பாயும், பட்ட கணமே 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நீராவியாகவும் ஆக்ஸிஜனாகவும் வெடித்துக் கிளம்பும். அந்த நீராவி இரண்டு குழாய்கள் வழியாகக் கீழ்நோக்கிப் பீறிட, ஆள் மேலே. தீப்பிழம்பு என்பதே கிடையாது! சினிமாவில் ஜெட்பேக் என்றாலே தீபாவளி ராக்கெட் மாதிரி நெருப்பைக் கக்குகிறதே, முதல் அசல் கருவி கக்கியது இட்லிப் பானையின் அண்ணனை.

சரி, எவ்வளவு நேரம் பறக்கலாம்? 21 விநாடி. அவ்வளவுதான். ஒரு டம்ளர் காபியை ஆற்றி முடிப்பதற்குள் எரிபொருள் தீர்ந்துவிடும். 22-வது விநாடியில் நீங்கள் எந்த உயரத்தில் இருக்கிறீர்களோ, அங்கிருந்து கல் மாதிரி விழ வேண்டியதுதான். பாராசூட் விரியக்கூட உயரம் போதாது. நேரம் தீரப்போகிறது என்று பைலட்டை எச்சரிக்கும் அதிர்வானும் ஹெல்மெட்டுக்குள்தான் இருந்தது. பைலட் ஏன் அதைக் கழற்ற மறுத்தார் என்று இப்போது புரிகிறதா?

மூர் தானே பறந்து பார்க்கத்தான் ஆசைப்பட்டார். 1961 பிப்ரவரியில், கம்பியில் கட்டித் தொங்கிய சோதனையின்போதே விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. அவர் இடத்துக்கு வந்த ஹரால்ட் கிரஹாம் 1961 ஏப்ரல் 20 அன்று கம்பியில்லாமல் முதன்முதலாகப் பறந்தார். 13 விநாடி, சுமார் 34 மீட்டர். சூட்டர் வந்த கதை இன்னும் ருசியானது. அவர் மூர் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பையன், புல் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 19 வயதில் பறக்கும் வேலைக்கு எடுத்தார்கள். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மைதானத்துக்குள் பறந்து இறங்கி உலகத்தையே வாய் பிளக்க வைத்தவரும் அவரேதான்!

ஆனால் ஒரு இயக்குநராக யோசித்துப் பாருங்கள். 21 விநாடிக்குள் துரத்தல், சண்டை, வசனம் எல்லாம் எப்படி? நிஜக் கருவி இருந்தும் சினிமாவுக்குப் பற்றாது. இதற்கு விடையை மூரின் கருவி பிறப்பதற்கு முன்பே ரிபப்ளிக் ஸ்டூடியோ கண்டுபிடித்து வைத்திருந்தது. வாருங்கள், அந்தப் பட்டறைக்குள் நுழைவோம், எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஹோவர்ட் லைடெக்கர், தியோடர் லைடெக்கர், அண்ணன் தம்பி இருவர். 1941-ல் 'கேப்டன் மார்வெல்' தொடர்படத்துக்காக அவர்கள் பறக்கவிட்டது காகிதக்கூழில் செய்த ஒரு பொம்மை. ஆள் உயரத்துக்குச் சற்றே அதிகம், எடையோ ஏழு கிலோவுக்குள். தோளிலும் கெண்டைக்காலிலும் கப்பிகள். உயரத்திலிருந்து சரிவாக இழுத்துக் கட்டிய இரண்டு மெல்லிய கம்பிகளில் கோத்து விட்டால் தன் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போகும். இதை ஸ்டூடியோவின் பொய் வானத்தில் எடுக்காமல் வெளியே, அசல் வெயிலில், அசல் மலைப் பின்னணியில் எடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டிக்காரத்தனம். வெளிச்சம் பொய் சொல்லாததால் பொம்மை சொன்ன பொய்யும் எடுபட்டது. மேல்நோக்கிப் பறக்க வேண்டுமா? பொம்மையைப் பின்பக்கமாகச் சறுக்கவிட்டு, படத்தைத் திருப்பி ஓட்டினார்கள்.

1949-ல் வந்த 'கிங் ஆஃப் தி ராக்கெட் மென்' அதே வித்தையில் தோல் ஜாக்கெட்டும் துப்பாக்கிக்குண்டு வடிவ ஹெல்மெட்டும் சேர்த்தது. நாயகனின் மார்பில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பை அடக்க முடியாது: ஆன்–ஆஃப், அப்–டவுன், ஃபாஸ்ட்–ஸ்லோ. அவ்வளவுதான்! மின்விசிறி ரெகுலேட்டருக்குக்கூட ஐந்து எண் இருக்கும். டேவிட் ஷார்ப் என்ற சண்டைக் கலைஞர் துள்ளிப் பாய்வார், வெட்டு, அடுத்த துண்டில் பொம்மை பறக்கும். கண் அதை ஒட்டவைத்துக்கொள்ளும். எடுத்த பறக்கும் துண்டுகளை ரிபப்ளிக் வீணாக்கவில்லை. நேற்றைய சோற்றைத் தாளித்துப் பரிமாறுவது போல அடுத்தடுத்த தொடர்களில் அவையே மறுபடி மறுபடி வந்தன.

அந்தத் தொடர்களைப் பார்த்து மயங்கிய டேவ் ஸ்டீவன்ஸ் 1982-ல் 'தி ராக்கெட்டீர்' காமிக்ஸை வரைந்தார். 1991-ல் டிஸ்னி அதைப் படமாக்கியபோது மறுபடியும் வம்பு ஹெல்மெட்டில்தான்! நாசா பாணியில் வேண்டும் என்றது மேலிடம். அப்படியானால் நான் விலகுகிறேன் என்றார் இயக்குநர் ஜோ ஜான்ஸ்டன். மேலிடம் இறங்கி வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் ஜெட்பேக்கோடு திரியும் போபா ஃபெட்டின் தோற்றத்தை வடிவமைத்தவர்களில் இந்த ஜான்ஸ்டனும் ஒருவர். ஹெல்மெட் விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு ஜோடி பூட்ஸ். ரிபப்ளிக் பழைய துண்டுகளைத் தாளித்த தொடர்களில் ஒன்று 1952-ன் 'ஸாம்பீஸ் ஆஃப் தி ஸ்ட்ராடோஸ்பியர்'. அதில் செவ்வாய்க் கிரகத்து ஆளாக வந்த ஒல்லிப் பையன் லியோனார்ட் நிமாய். நாயகன் வானத்தில் பறக்க, இவருக்குத் தரைதான் வாய்த்தது. 37 ஆண்டு கழித்து, 1989-ல், 'ஸ்டார் ட்ரெக்' ஐந்தாம் படத்தில் ஸ்பாக்காக வரும் அதே நிமாயின் காலில் ராக்கெட் பூட்ஸ்! மலையிலிருந்து விழும் கேப்டன் கிர்க்கைத் தலைகீழாகப் பாய்ந்து பிடிக்கிறார். பிறகு விண்கலத்தின் லிஃப்ட் குழாய்க்குள் கிர்க்கையும் டாக்டர் மெக்காயையும் சுமந்துகொண்டு ஜிவ்வென்று மேலே போகிறார். அங்கே படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சுவரில் தள எண்கள் கடந்து போகும். அந்தக் கலத்தில் இல்லவே இல்லாத 78-ம் தளம் வரை போகும். நடுவில் 52 இரண்டு தடவை வரும். கணக்கில் புலியான ஸ்பாக் அதைக் கண்டுகொள்ளாமல் நேராக மேலே பார்த்தபடியே போய்க்கொண்டிருப்பார்.