ஆல்பேட்டையில் தொடங்கும் பாடம்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் நாடுகளின் கூட்டமைப்புகளைப் பற்றிப் படிக்கிறோம். தொடங்கிய ஆண்டு, உறுப்பு நாடுகள், தலைமையகம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைப்பதே பல ஆண்டுகளாக என் வழக்கம். ஒருநாள் ஒரு மாணவி, "நாடுங்க எதுக்கு சார் ஒண்ணு சேரணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூட வகுப்பில் எழுப்பியதில்லை.

இப்போது பாடத்தை ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் தொடங்குகிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் வண்டிகள் அங்கே சோதிக்கப்படுவதைப் பிள்ளைகள் அறிவார்கள். சோப்புக்கும் நோட்டுக்கும் சோதனை இல்லை. மதுவுக்கு மட்டும் ஏன்? 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு இரு பக்கமும் ஒரே ஜி.எஸ்.டி. மது அதில் சேரவில்லை. வரி வேறுபட்டால் சாவடி வேண்டும். வரி ஒன்றானால் சாவடிக்கு வேலை இல்லை. சுங்க ஒன்றியத்தின் அடிப்படை இதுதான்.

நம் பகுதியே இதற்குச் சான்று. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் சுங்க ஒன்றிய ஒப்பந்தம் செய்தன. 1949இல் அது முடிவுக்கு வர, எல்லையில் சுங்கக் கெடுபிடி திரும்பியது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது; சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது.

அடுத்து நெய்வேலி. நிலக்கரியின் அருமை நம் மாவட்டப் பிள்ளைகளுக்குத் தெரியும். போருக்கு வேண்டிய நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைத்தால் மீண்டும் போர் மூளாது என்று எண்ணியே, 1951இல் பிரான்சு, மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒப்பந்தமிட்டன. பிறகு பொதுச் சந்தை, 1993இல் ஐரோப்பிய ஒன்றியம், 2002இல் கையில் புழங்கும் யூரோ எனப் படிப்படியாக வளர்ந்தது.

சார்க் 1985இல் டாக்காவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. தடையற்ற வணிக ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் தலைவர்கள் மாநாடு கூடவில்லை. இந்திய-பாகிஸ்தான் பகை தீராமல் வணிகம் மட்டும் வளராது.

"சேர்ந்தவங்க பிரியலாமா சார்?" என்ற கேள்வியும் வரும். பிரிட்டன் 2020இல் வெளியேறியதைச் சொல்லலாம். நம் 1949ஐயும் நினைவூட்டலாம்.

புதுச்சேரி எல்லையைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். ஆண்டுகள் தாமாகவே மனத்தில் நிற்கும்.