எழுத்தாணி மீண்டும் கைக்கு வந்திருக்கிறது

ஓலையில் எழுதிய எம் முன்னோர் மெய்யெழுத்தின் மேற் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டனர். எழுத்தாணியின் கூர்முனை பட்டால் ஓலை துளைபடும் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். எகரமும் ஏகாரமும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றின. அந்த மயக்கத்தைத் தீர்க்க முயன்றவராக வீரமாமுனிவரின் பெயர் 18ஆம் நூற்றாண்டிலிருந்து பேசப்படுகிறது. எழுதுகருவி மாறும்போதெல்லாம் எழுத்தும் சற்று வளைந்து கொடுத்தே வந்திருக்கின்றது. இன்று எம் பிள்ளைகளின் கையிலுள்ள கண்ணாடிப் பலகைக்கு முன்னால் எமது எழுத்து வளைந்து கொடுக்குமா, அன்றி ஒடிந்துபோகுமா என்பதே நாம் சிந்திக்கவேண்டிய வினா.

நாம் தஞ்சமடைந்துள்ள இந்த டென்மார்க் நாட்டுக்கு இவ்விடயத்தில் ஒரு தனி இடம் உண்டு. கொப்பன்ஹேகனில் செவிப்புலனற்றோருக்கான அரச கல்விநிலையத்தின் அதிபராக இருந்தவர் றஸ்முஸ் மாலிங்-ஹான்சன் என்னும் போதகர். பேனாவால் எழுதுவதிலும் விரைவாகத் தம் மாணவர்கள் விரற் சைகைகளால் பேசுவதை அவர் கண்டார். விரல்களே நேராக எழுதினால் என்ன என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1865இல் பீங்கான் உருண்டையொன்றில் எழுத்துகளைக் குறித்து, எந்த எழுத்து எந்த விரலுக்கு எளிது எனச் சோதித்தார். உயிரெழுத்துகளை இடப்புறமும் மெய்யெழுத்துகளை வலப்புறமும் வைத்தார். 1870இல் காப்புரிமை பெற்ற அவரது 'எழுத்துருண்டை', உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த தட்டச்சுப் பொறிகளுள் ஒன்று. பார்வை மங்கிய தத்துவஞானி நீட்சே 1882இல் அதனை வாங்கினார்.

1999இல் சென்னை மாநாட்டில் உருப்பெற்ற 'தமிழ் 99' விசைப்பலகையை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்கும். அதிலும் உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியவை. ஒன்றைப் பார்த்து மற்றது செய்யப்பட்டதென்று கொள்ளவேண்டியதில்லை. உயிரும் மெய்யும் மாறி மாறி வரும்போது இரு கைகளும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் என்ற ஒரே உண்மையை இரு நாட்டவரும் கண்டனர்.

இயந்திரத்துக்காக மாறிய எழுத்து

கையடக்கக் கணனிகள் வந்தபோது விசைகளுக்கு இடமில்லை. பேனா போன்றதொரு குச்சியே எழுதுகருவியாயிற்று. 1993இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் 'நியூட்டன்', மனிதரின் இயல்பான கையெழுத்தை வாசிக்க முயன்று, பிழையாக வாசித்துக் கேலிச்சித்திரங்களுக்கு இரையானது. 1996இல் வந்த 'பாம் பைலட்' எதிர்வழியைப் பிடித்தது. இயந்திரம் மனிதரின் எழுத்தைக் கற்பதற்குப் பதிலாக, மனிதர் இயந்திரத்துக்கேற்ற எழுத்தைக் கற்கவேண்டும் என்றது. 'கிராபிட்டி' எனப்பட்ட அம்முறையில் ஏறத்தாழ எல்லா எழுத்துகளும் குச்சியை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதப்படுவன. ஆங்கிலத்தின் முதலெழுத்து தன் குறுக்குக்கோட்டை இழந்து வெறும் கூரைபோல் நின்றது.

ஒரே இழுப்பில் எழுதும் முறையைச் செரொக்ஸ் ஆய்வுகூடத்தின் டேவிட் கோல்ட்பேர்க் முன்னரே வகுத்திருந்தார். அதனால் 1997இல் தொடங்கிய வழக்கு 2006வரை நீடித்தது. 1998இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கென் பேர்லின், குச்சியை நடுவிலிருந்து சுற்றுக் கட்டங்களுக்குச் செலுத்தி மீட்கும் முறையொன்றைத் தந்தார். அயல்நாடான சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்த பேர் ஊலா கிறிஸ்டென்சன், ஷுமின் சாய் என்பவருடன் இணைந்து, எழுத்துகளின்மேல் கோடிழுத்துச் சொல்லாக்கும் முறையை வளர்த்தார். இன்று கைபேசியில் விரலைத் தூக்காமல் சொற்களை இழுத்தெழுதும் பழக்கத்துக்கு அந்த ஆய்வு முன்னோடி.

இருநூற்று நாற்பத்தேழின் சிக்கல்

இவை யாவும் இருபத்தாறு எழுத்துகளுக்கென எழுந்தவை. எமக்கோ 247 எழுத்துகள். சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்குகையில் எதிர்கொண்டதும் இதே சிக்கலே. கையெழுத்தை இனங்காணும் கணனிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 'கொ' என்று எழுதும்போது எம் கை முதலில் கொம்பையும், பின்னர் ககரத்தையும், ஈற்றில் அரவையும் வரைகின்றது. கணனியின் ஒழுங்கிலோ ககரமே முதலில் நிற்கவேண்டும். பெங்களூரிலிருந்த எச்.பி. ஆய்வுகூடத்தினர் தமிழ்க் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியபோது, தனித்தனி வடிவங்களை 156ஆக வகுத்தனர். இந்திய மொழிகளுக்கென அவர்கள் அமைத்த பேனாப் பலகையோ இன்னும் எளிய வழியைக் காட்டியது. மெய்யெழுத்தின் கட்டத்தைத் தொட்டால் அவ்வெழுத்து; அக்கட்டத்தின்மேல் உயிர்க்குறியை வரைந்தால் உயிர்மெய். எமது இலக்கணம் சொல்லும் உடலும் உயிரும் அப்பலகையிலேயே கூடின.

2015இல் கூகிள் நிறுவனம் 82 மொழிகளுக்குக் கையெழுத்து உள்ளீட்டை வெளியிட்டபோது தமிழும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. இன்று அன்ட்ரொயிட் கைபேசிகளில் கூகிள் விசைப்பலகையின் தமிழ்ப் பிரிவிலே கையெழுத்து முறையைத் தெரிவுசெய்து, விரலாலேயே எழுதலாம்.

எம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளைகள் தமிழை உரோம எழுத்திலே தட்டுகின்றனர். பழமும் பலமும் பாலமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. டெனிஷ் மொழியிலோ ஆங்கிலத்தின் ஜகர எழுத்துக்கு யகர ஒலி. கனடாவிலிருந்து பெரியம்மா 'ராஜா' என்று உரோம எழுத்தில் அனுப்பினால், இங்கு பிறந்த பிள்ளை அதனை 'ராயா' என்று வாசிக்கும். ஒரே குடும்பம் நான்கு நாடுகளில் சிதறியிருக்கையில், இரவல் எழுத்து நான்கு விதமாக ஒலிக்கும். தமிழெழுத்து எங்கும் ஒன்றாகவே ஒலிக்கும்.

ஐரோப்பிய நாடுகள் சாராத குடியேறிகளின் பிள்ளைகளுக்கு இலவசத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடப்பாட்டிலிருந்து நகரசபைகள் 2002இல் விடுவிக்கப்பட்டன. அன்று முதல் அந்தச் சுமை பெற்றோரின் தோளிலும், வார இறுதியில் ஊதியமின்றிக் கற்பிக்கும் ஆசிரியர்களின் தோளிலுமே பெரிதும் தங்கியுள்ளது. வாரத்தில் சில மணிநேரம் கொப்பியில் எழுதும் எழுத்து, மிகுதி நாட்களில் எங்கும் பயன்படாவிட்டால் கையைவிட்டு நழுவும்.

விரலால் எழுதுவது தட்டுவதிலும் மெதுவானது என்பதை மறுப்பதற்கில்லை. விரைவு வேண்டும் பெரியோர் 'தமிழ் 99' பழகட்டும். ஆனால் பிள்ளைக்கு அந்த மெதுவே பாடம். ழகரத்தின் வாலைச் சரியாக இழுக்காவிட்டால் வேறெழுத்து தோன்றும். பிள்ளை தானே கண்டு திருத்தும். ஒவ்வொரு நாளும் அம்மம்மாவுக்கு ஒரு வரி, தமிழெழுத்தில், விரலால் எழுதி அனுப்பச் சொல்வோம். மறுமுனையில் அதைப் படிக்கக்கூடியவர்கள் எம்மிடையே இருக்கும்போதே இதைத் தொடங்குவது நன்று.